ஒரு கிருமியும் மிச்சமில்லை

அவைக்குத் தலைமை தாங்கும் துறைமுக அதிகாரி அவர்களே! தூய்மைத் திட்டத்தின் வெற்றி விழாவுக்கு வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே! எண்ணெய் நாற்றத்தோடே உலை வைத்து, எண்ணெய் நாற்றத்தோடே பிள்ளை வளர்த்த தாய்மார்களே! படகுத்துறைப் பெரியோர்களே! எனக்குக் 'கிருமியக்கா' என்று பெயர் சூட்டிய குறும்புக்காரர்களே! உங்கள் அனைவருக்கும் இந்த ஆய்வுக்கூடத்துக்காரியின் வணக்கம்!

இந்தக் கடலிலேயே பிறந்து, இந்தக் கடலிலேயே பெருகி, கண்ணுக்குத் தெரியாமல் வாழும் நுண்ணுயிர்கள், கப்பல்கள் கசியவிட்ட எண்ணெயைத் தின்னும் என்று திட்டம் தொடங்கியபோது சொன்னேன். படகோட்டி அண்ணன் என்ன கேட்டார் தெரியுமா? "ஏம்மா, கிருமியக் கொல்லத்தான் வீட்டைக் கழுவுவோம். நீ கிருமிய வச்சே கடலைக் கழுவுறியா?" சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன்.

வேற்றுக்கடல் கிருமியை நாங்கள் கொண்டுவரவில்லை. துறைமுக மூலையில் மிதவைகளால் வேலி கட்டினோம். அங்கேயே இருந்த உயிர்களுக்குக் கொஞ்சம் உரம் இட்டோம், குழாய் வழியே காற்று விட்டோம், காத்திருந்தோம். கறுப்பு பழுப்பானது. பழுப்பு பச்சையானது. கல்தூணில் சிப்பி ஒட்டியது! அதே அண்ணன் அதைத் தடவிப் பார்த்து, "பொழைச்சிடுச்சும்மா" என்றார். அழுதார் ஐயா, வாய்விட்டு அழுதார்!

பிறகு வந்தது இந்த விழா. விருந்தினர் வரும்போது தண்ணீர் பளபளக்க வேண்டாமா? ஓரத்தில் மிச்சமிருந்த பழுப்பு நுரை யார் கண்ணை உறுத்தியதோ! நேற்று அந்த வேலிக்குள் பீப்பாய் பீப்பாயாகப் பிளீச்சிங் கரைசலைக் கொட்டினார்கள். பதறிக்கொண்டு ஓடினேன். மேற்பார்வையாளர் மலர்ந்த முகத்தோடு சொன்னார்: "கவலைப்படாதீங்க மேடம், ஒரு கிருமி விடல. எல்லாம் சுத்தம்!"

அவரை நான் எப்படித் திட்டுவேன்? என்னைச் சந்தோஷப்படுத்தத்தானே செய்தார்! இன்று காலை நுண்ணோக்கியில் பார்த்தேன். அசைவில்லை. வேறு துளி எடுத்துப் பார்த்தேன். அசைவில்லை! என் நெஞ்சு ஆறவில்லை, தாய்மார்களே, ஆறவே இல்லை!

என்னம்மா கேட்கிறீர்கள், வெளிக்கடலிலிருந்து மறுபடி வந்து சேராதா என்றா? வரும் தாயே, மெல்ல மெல்ல வரும். அதற்குள் அடுத்த விருந்தினர் வருவார். அடுத்த பீப்பாயும் வரும்.

தலைவர் மணியடிக்கிறார், முடித்துவிடுகிறேன். எல்லோரும் ஒருமுறை வலப்பக்கம் திரும்புங்கள். அந்தச் சரக்குக் கப்பலின் அடியிலிருந்து நம் வேலிக்குள் கறுப்பாக எண்ணெய் கசிகிறதே, தெரிகிறதா? பந்தி விரித்தாயிற்று. உண்ணத்தான் ஒருவரும் உயிரோடில்லை.

கைதட்டாதீர்கள், மூக்கைப் பொத்தக் கை வேண்டியிருக்கும். கேட்டிருந்த உங்களுக்கு நன்றி. செத்துப்போன அவற்றுக்கும் என் வணக்கம்!