வரி விழுந்த வெறும்படம்

சனிக்கிழமை மட்டும் வரச் சொல்லாதீர்கள், டாக்டர். அன்றைக்குத் திருநள்ளாற்றிலிருந்து வரும் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. வெளியே உட்கார்ந்திருக்கும் ஷஃபீனாவை உங்களிடம் கூட்டிவர என்னைவிட்டால் ஆளில்லை.

இந்த மறதிப் பயம் எப்போது தொடங்கியது என்று கேட்டீர்கள். அவளுக்கு மறதியே கிடையாது. மருந்து எழுதுகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நாங்கள் இருவரும் ஒரே லேபில் ஆராய்ச்சி மாணவிகள். காந்தத் தகட்டை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், உள்ளே காந்தம் திசை மாறும் இடமெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாகத் தெரியும். ஆனால் கீறலும் தூசும் அதை மறைக்கும். அதனால் முதலில் முழுக் காந்தப்புலம் கொடுத்து, வரிகளை அழித்து, வெறும்படம் ஒன்று எடுப்போம். பிறகு எடுக்கிற ஒவ்வொரு படத்திலிருந்தும் கம்ப்யூட்டர் அதைக் கழிக்கும். கீறல் போய்விடும், வரி நிற்கும். டிஸ்கில் இடம் பத்தாது. கழித்த படங்களை வைத்துக்கொண்டு மூலப்படங்களை அழித்துவிடுவது எங்கள் லேப் பழக்கம்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். குளத்தங்கரையில் எள் விளக்கு விற்கும் அம்மாவுக்கு நான் என்ன படிக்கிறேன் என்று சொல்லத் தெரியாது. நான் பேசுவது ஷஃபீனாவுக்குத்தான் புரியும். பிரான்சில் மேலே ஆராய்ச்சி செய்ய இருவரும் சேர்ந்து விண்ணப்பிப்பதாகப் பேச்சு. அவள் தனியாகப் போட்டாள். இடம் கிடைத்த மாதிரிதான். சூடேற்றிய தகட்டின் படங்களை அனுப்புவது மட்டும் பாக்கி.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா மூஞ்சத் தூக்கி வச்சுப்ப. நான் போயி உன்னையும் இழுத்துக்கறேன் புள்ள.”

இழுத்துக்கொள்வாளாம். நான் என்ன மூட்டையா?

அந்த ஒரு தகடுதான் மிச்சமிருந்தது. ஒருமுறை சூடேறினால் வீண். வெறும்படம் எடுத்துவிட்டு, “பாத்துக்க ஓவியா, லுஹர் தொழுதுட்டு ஓடியாந்துர்றேன்” என்று போனாள். நான் புலத்தைக் குறைத்து, வரிகளோடு இன்னொரு படம் எடுத்தேன். அவள் எடுத்ததை என் பென்டிரைவில் போட்டுக்கொண்டு, இதை அதே பெயரில் அதே இடத்தில் வைத்தேன். அவள் வந்து சூடேற்றிப் படங்கள் எடுத்தாள். முடிந்து திறந்து பார்த்தால், எல்லாப் படத்திலும் அந்த ஒரே வரிகளின் நிழல்.

“ஃபுல் ஃபீல்டு குடுக்காம எடுத்துட்ட” என்றேன்.

“குடுத்தேன்டி.” படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, “குடுத்தேன்ல?”

“இல்ல. நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்.”

இரண்டு படங்களும் என்னிடம் இருந்தன. நான் எடுத்ததைக் கூட்டி அவள் எடுத்ததைக் கழித்தால் எல்லாம் சரியாகிவிடும். அனுப்புவதற்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். அதற்குமுன் அவள் யாரிடமும் அழுததில்லை. கெடு முடிந்த பிறகு இரண்டையும் அழித்தேன்.

இப்போது கேஸ் அடுப்பை அணைத்தேனா என்று என்னிடம் போனில் கேட்கிறாள். தொழுகையில் எத்தனை சுற்று, எத்தனை ரக்அத் முடித்தோம் என்று சந்தேகப்பட்டு, திரும்பத் திரும்பத் தொழுகிறாள். முட்டியில் தோல் உரிந்திருக்கிறது, உள்ளே கூப்பிடும்போது பாருங்கள். நான்தான் மருந்து போட்டுவிடுகிறேன்.

மாத்திரையை என்னிடமே கொடுங்கள், டாக்டர். அவள் கையில் கொடுத்தால் மறந்துவிடுவாள். தனியாகப் பிரான்சுக்குப் போயிருந்தால், இந்த நிலைமையில் அவளை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?