தேர் திரும்பிய தெரு

லோத்குண்டாவில் நான் ஏறிய ஷேர் ஆட்டோவில், போவன்பள்ளி மார்க்கெட்டுக்குக் காலிப் பைகளோடு போகிற, தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த அக்காவும் தங்கையும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். போனைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை கத்திய கத்தலில் ஆட்டோவே திரும்பிப் பார்த்தது.

“அக்கா, மாதா நம்ம தெருவுக்குள்ள வந்துட்டா!”

“ஊர்லயா? தெரு குறுகல், தேர் திரும்பாதுன்னுதானேடி எல்லா பிஷப்பும் சொன்னாங்க?”

“ஹவ், ஆமா. சாதின்னு சொல்ல வாய் வராம குறுகல்னு சொன்னாங்க. புது பிஷப்பு டேப்பைக் கொண்டாரச் சொல்லி, தானே குனிஞ்சு அளந்தாராம்.”

“அளப்பாரு. அவரும் நம்ம தெரு மாதிரி ஒரு தெருவுல பொறந்தவராச்சே. எவ்வளவு இருந்துச்சாம்?”

“தேர் போக, ரெண்டு பக்கமும் ஆள் நடக்க இடம் இருக்காம்.”

அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நம்ம வீடுடி! செவுத்துல ஒரு கீறல்கூட விழல. ஆமா, யாரு இவ்ளோ கூட்டம்?”

“மேலத்தெரு ஜனங்க.”

“அவங்க எதுக்கு இங்க வந்தாங்க?”

“வருஷாவருஷம் தேர் பாக்க நாம அவங்க தெரு முனையில போய் நிக்கல? இந்த வருஷம் அவங்க நம்ம வாசல்ல வந்து நிக்கிறாங்க.”