துத்தநாகம் மிஞ்சிய பருவம்

வேர்முடிச்சு ஆய்வுப் பிரிவின் தலைவர் அவர்களின் பணி நிறைவு விழாவில் பிரிவினர் வாசித்தளித்த மடல்

மண்ணின் மௌனத்தைக் கேட்டு மருந்து சொன்ன மாண்புடையீர், வேரை விலக்கி விடை கண்ட வித்தகரே, பசுமைக்குடிலில் கால்கடுக்க நின்று பயறுக்கும் சோயாவுக்கும் பசியறிந்து படியளந்த பெருமாட்டியே, வணக்கம்.

நேரில் ‘மேடம்’ என்றும், முதுகுக்குப் பின்னால் ‘முடிச்சக்கா’ என்றும் தங்களை அழைத்து வந்தோம். அது தங்களுக்குத் தெரியும் என்பதும் எங்களுக்குத் தெரியும். தங்கள் பட்டங்களும் பணி விவரங்களும் அழைப்பிதழிலேயே அச்சாகிவிட்டன. அதில் இடம்பெறாத ஒன்றைச் சொல்லவே இம்மடல். வந்திருக்கும் உற்றாருக்கும் உழவருக்கும் விளங்க வேண்டும் என்பதால், சிறிது நேரம் தங்களை ‘அவர்’ என்றே சொல்லப் போகிறோம். பொறுத்தருள வேண்டும்.

சோயாச் செடியைப் பிடுங்கினால் வேரில் மிளகு மிளகாக ஒட்டியிருப்பவை வேர்முடிச்சுகள். உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிரிகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஊட்டுகின்றன. அந்த வேலைக்கு இரும்பு வேண்டும், மாலிப்டினம் வேண்டும், துத்தநாகமும் கொஞ்சம் வேண்டும். வேலை நடக்கிற முடிச்சைக் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தைப் போலவே அதற்கும் நிறம் தருவது இரும்புதான். வேலை நின்ற முடிச்சு வெளிறிக் கிடக்கும். முடிச்சக்காவின் பணிக்காலம் இந்த ஒரு நிறத்தைச் சுற்றியே ஓடியது.

அவருடைய கணவர் கடைத்தெருவில் உரக்கடை வைத்திருப்பவர். மனைவி எழுதிக் கொடுப்பதைக் கணவர் கட்டிக் கொடுக்கிறார் என்று தெருவில் கேலி உண்டு. இந்த வட்டாரத்து மண்ணில் துத்தநாகம் போதவில்லை என்று முதலில் சொன்னது நம் பிரிவுதான். கொஞ்சம் போட்டதுமே விளைச்சல் நிமிர்ந்தது. கொஞ்சத்துக்கே இவ்வளவு என்றால் கூடப் போட்டால் என்னவாகும் என்று ஆசை வளர்ந்தது. துத்தநாகம் தூக்கலான நுண்ணூட்டப் பொடி ஒன்று சந்தைக்கு வந்தது. அது அதிகம் விற்றது அவர் கணவரின் கடையில். சில பருவங்கள் ஒரு புகாரும் இல்லை. எல்லோரும் தழைச்சத்து தரும் யூரியாவையும் வாரி இறைத்ததால், முடிச்சு படுத்தாலும் இலை பச்சையாகவே நின்றது.

ஓர் ஆண்டு யூரியா தட்டுப்பாடு. சோயா முழங்கால் உயரம் வருமுன் மஞ்சள் தட்டியது. கடைக்கு முதலில் வந்து நின்றவர் லாரிக்காரர். லாரி ஓட்டிச் சம்பாதித்து, நிலம் வாங்கி, கடையின் மிகப் பெரிய வாடிக்கையாளரானவர்.

“பயிர் வெளுத்துப்போச்சு. அந்தப் பொடிய இன்னும் கொஞ்சம் தூக்கலாப் போட்டா எழுந்துக்குமா?” என்று கேட்டார்.

கடைக்காரர் அந்தக் கேள்வியைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டு போனார். முடிச்சக்கா, “தெரியல. பாக்கணும்,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

பசுமைக்குடிலில் தொட்டிகள் வரிசையாக நின்றன. மண்ணும் விதையும் ஒன்றுதான். பொடியின் அளவு மட்டும் வேறு. முடிச்சில் ஒட்டியிருக்கும் மண்ணிலேயே இரும்பு இருப்பதால், சரியாகக் கழுவாவிட்டால் முடிச்சின் இரும்பை அளக்கும் கருவி பொய் சொல்லும். விரல் நுனி ஊறிச் சுருங்கும்வரை கழுவினோம். போதும் என்று வைத்ததை மறுபடியும் கழுவச் சொன்னார். அந்த வாரம் அவரைத் திட்டாதவர் எங்களில் யாரும் இல்லை.

விடை வந்தது. பொடி கூடிய தொட்டிகளில் முடிச்சுக்குள் துத்தநாகம் ஏறியிருந்தது, இரும்பு இறங்கியிருந்தது. வேருக்குள் நுழைய இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே வாசல். ஒன்று முண்டியடித்தால் மற்றது வெளியே நிற்க வேண்டியதுதான்.

அன்றைய இயக்குநர் நல்லவர். ஆனால் எதையும் ஆறப்போடுபவர். “அடுத்த பருவம் வரைக்கும் பொறுக்கலாமே. உங்க வீட்டுக்காரர் கடையும் இதுல இருக்கு, யோசிங்க,” என்றார்.

“அதனாலதான் சார் பொறுக்க முடியல. இப்ப வாய மூடினா அவருக்காக மூடினதா ஆயிடும்,” என்றார் முடிச்சக்கா.

உழவர் கூட்டத்துக்கு முதல் நாள் ஆய்வகத்திலிருந்து நேராகக் கடைக்குப் போனார். நம் ஓட்டுநர் கூடவே நின்றதால் அங்கே நடந்த பேச்சு எங்களுக்குத் தெரியும்.

“நாளைக்குக் கூட்டத்துல அந்தப் பொடி வேண்டாம்னு சொல்லப்போறேன். முதல்ல உங்களுக்குத் தெரியணும்னு வந்தேன்.”

கடைக்காரர் பின்பக்கம் கையைக் காட்டினார். “குடோன்ல கூரை வரைக்கும் அடுக்கியிருக்கேன். பாத்தேல்ல?”

“பாத்தேன்.”

“பாத்துட்டுமா சொல்ற?”

“பாத்ததாலதான் இன்னைக்கே சொல்றேன்.”

“தொட்டிச் செடிய வச்சு என் பொழப்புல மண்ணப் போடுறியா? தொட்டி வேற, வயல் வேற.”

அந்தக் கடைசிச் சொல்லை முடிச்சக்கா தட்டவில்லை. “அது நியாயம்தான். வயல்லேர்ந்து நீங்களே பிடுங்கிட்டு வாங்க. பாத்துரலாம்,” என்றார்.

மறுநாள் காலை கடைக்காரர் லாரிக்காரரின் வயலில் இறங்கி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடிகளைப் பிடுங்கினார். லாரிக்காரர் ஓடி வந்து, “வித்தது பத்தாதுன்னு பிடுங்கவும் வந்துட்டியா?” என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினார். கடைசியில் இருவரும் ஒரே வண்டியில் ஆய்வகம் வந்து சேர்ந்தார்கள். அதற்கு முன் கடைக்காரர் இங்கே கால் வைத்ததில்லை. செடிக்கட்டை மனைவியின் மேசைமேல் போட்டார். தாள்கள்மேல் மண் சிதறியது.

“வெட்டிக் காட்டு.”

முடிச்சக்கா பிளேடை அவரிடமே நீட்டினார். “நீங்களே வெட்டுங்க. நான் வெட்டினா, பொறுக்கி எடுத்தேன்னு தோணும்.”

கடைக்காரர் வெட்டினார். உள்ளே வெளிறிய பச்சை. இன்னொன்று, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. ஒரு செடியில் மட்டும் முடிச்சுகள் பருத்து, உள்ளே நல்ல சிவப்பாக இருந்தன.

“இது எந்தப் பக்கத்துது?” என்று மனைவி கேட்டார்.

லாரிக்காரர்தான் பதில் சொன்னார். “அது மேட்டு ஓரம். வருஷா வருஷம் அங்க வர்றதுக்குள்ள பொடி தீந்துபோயிடும்.”

கடைக்காரர் பிளேடைத் துடைத்து மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். முடிச்சக்கா கொஞ்ச நேரம் அந்த மண்ணைக் கையால் கூட்டிக்கொண்டிருந்தார்.

மாலையில் கூட்டம். முடிச்சக்கா எழுந்து பேசினார். “ஜிங்க், அதான் துத்தநாகம், கெட்டதுன்னு நான் சொல்லல. போதும்னு சொல்றேன். மண்ணப் பரிசோதிக்காம இனிமே போடாதீங்க. இப்போதைக்கு இலையில இரும்புச்சத்து தெளிங்க. கொஞ்சம் தேறும். முழுசாத் தேறும்னு என்னால சொல்ல முடியாது.” பின்வரிசையில் யாரோ, “வித்தது உங்க வீட்டுலதானே?” என்றார். “ஆமா,” என்றார் முடிச்சக்கா.

முழுதாகத் தேறவில்லை. தெளித்த வயல்கள் ஓரளவு பிழைத்தன; மற்றவை போயின. கடைக்காரர் அந்தப் பொடியை அதற்குமேல் ஒரு பையும் விற்கவில்லை. ஆனால் எதிர்க்கடையில் அது விற்றது. வாங்குகிறவர்கள் தெருவைக் கடந்து அங்கே போனார்கள். குடோனில் பாதியைச் சைக்கிள் கடைக்கு வாடகைக்கு விட வேண்டி வந்தது. வீட்டிலோ, ‘சாப்பாடு எடுத்து வச்சிருக்கு’, ‘சாவி மாடத்துல இருக்கு’ என்ற அளவுக்குப் பேச்சு சுருங்கியது. அந்த நாட்களில் முடிச்சக்கா மதிய உணவை எங்களோடு உட்கார்ந்து உண்ணாமல் பசுமைக்குடிலிலேயே முடித்துக்கொண்டார். நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை.

பொடியை நிறுத்திய வயல்கள் மெல்ல மீண்டன. முடிச்சில் சிவப்பு ஏறியது. யூரியாச் செலவு இறங்கியது. போன வாடிக்கையாளர்களில் சிலர் திரும்பினார்கள். சிலர் கடைசிவரை திரும்பவில்லை. லாரிக்காரர் ஒருநாள் ஒன்றுமே நடக்காதது போல் வந்து விதை வாங்கிக்கொண்டு போனார்.

அம்மையீர், இனி மறுபடியும் ‘தாங்கள்’.

அளந்து பேசும் அறிவும், அறிந்ததை அஞ்சாது சொல்லும் ஆண்மையினும் பெரிய பெண்மையும், தவறு நேருமோ என்று தனக்குத்தானே தடைபோட்டுச் சோதிக்கும் தகைமையும் தங்களிடம் ஒன்றாயிருக்கக் கண்டோம். கூடுதலாகக் கழுவியதால் எங்கள் விரல்கள் தேய்ந்துவிடவில்லை. தங்கள் கண்ணொளி மங்காமலும், முழங்கால் முரண்டு பிடிக்காமலும், விடுப்பே எடுக்காத தங்களுக்கு ஓய்வு அலுத்துப்போகாமலும், மக்களும் சுற்றமும் சூழ நெடுங்காலம் நலமாக இருக்க மனமார வாழ்த்துகிறோம்.

இக்கதையைச் சபையில் படிக்கலாமா என்று கேட்கத் தங்கள் கணவரின் கடைக்குப் போயிருந்தோம். அவர் நெடுநேரம் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “படிங்க. அவ சொன்னது சரின்னு அன்னைக்கு பிளேடு கையில இருக்கும்போதே எனக்குத் தெரியும். அத அவகிட்ட இன்னும் சொன்னதில்ல. அதையும் சேத்து எழுதிடுங்க.”

சேர்த்துவிட்டோம், ஐயா.

என்றும் தங்கள் அன்பிற்குரிய,
வேர்முடிச்சு ஆய்வுப் பிரிவுப் பணியாளர்கள், பசுமைக்குடில் பணியாளர்கள், ஓட்டுநர்