ஞாயிற்றுக்கிழமை மீன்

மாணிக்கம்: …போகவே வேணாம்னு நான் சொல்லலையே, பூவு. அடுத்த வருஷம் போலாம்னுதான் சொல்றேன்.

பூவம்மா: அடுத்த வருஷமா? உங்க மக கவிப்ரியா லாட்ஜே புக் பண்ணிட்டா. டிசம்பர் ஸ்கூல் லீவுல நாலு நாள். அப்பாவுக்குத் தூண்டில்னா உசுருன்னு தேடித் தேடிப் புடிச்சிருக்கா.

மாணிக்கம்: யாரு கேட்டா…

பூவம்மா: என்னது?

மாணிக்கம்: இல்ல… சிங்கப்பூர்ல இருந்து ரொம்ப தூரம் லா. மலேசியாவுக்கு வடக்கு மூலையில, தாய்லாந்து பார்டர் கிட்ட. என் முட்டி தாங்காது.

பூவம்மா: முப்பது வருஷம் பஸ் ஓட்டின முட்டி! மருமகன் அகிலன்தான் வண்டி ஓட்டப் போறாரு. நீங்க பின்னாடி உட்கார்ந்து குறட்டை விடப் போறீங்க. ஏரி மேலேயே லாட்ஜாம். ரூம் கதவைத் திறந்தா தண்ணி. நாற்காலியில உட்கார்ந்தபடியே தூண்டில் போடலாமாம்.

மாணிக்கம்: என் பாஸ்போர்ட்டு…

பூவம்மா: இன்னும் நாலு வருஷம் இருக்கு. பார்த்துட்டேன்.

மாணிக்கம்: டிசம்பர்ல மழ. மழையில மீன் கடிக்காது. இதெல்லாம் தூண்டில் போடறவனுக்குத்தான் தெரியும்.

பூவம்மா: போன டிசம்பர்ல கொட்டுற மழையில ரெண்டு கொடுவா கொண்டு வந்தீங்களே?

மாணிக்கம்: அது கடல். கடல் மீனுக்கு மழ புடிக்கும்.

பூவம்மா: ஓ… இதையும் மறக்காம சம்பந்திக்குச் சொல்லிக் குடுங்க.

மாணிக்கம்: சம்பந்தியா? அவரு எதுக்கு?

பூவம்மா: மாப்பிள்ளையோட அப்பா வராமயா? கந்தப்பு அண்ணனும் நல்லா மீன் புடிக்கிறவருதான், புதுசா மூணு தூண்டில் வாங்கிட்டாராம். உங்ககிட்ட இன்னும் வித்தை கத்துக்கணும்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருக்காராம்.

மாணிக்கம்: ஐயோ…

பூவம்மா: என்ன ஐயோ?

மாணிக்கம்: பூவு… உன்கிட்ட ஒன்னு சொல்லணும். ரொம்ப நாளா மனசுல இருக்கு.

பூவம்மா: சொல்லுங்க.

மாணிக்கம்: இந்த வருஷம்… ஐயப்பனுக்கு மாலை போடலாம்னு இருக்கேன்.

பூவம்மா: ஐயப்பனுக்கா? ம்க்…

மாணிக்கம்: என்ன, முந்தானையால வாயப் பொத்திக்கிட்ட?

பூவம்மா: சிரிப்ப அடக்கிட்டு இருக்கேன். நீங்களா? கார்த்திகை ஒன்னாந்தேதியில இருந்தா?

மாணிக்கம்: ஆமா. விரதம். மீனத் தொடவே கூடாது. நான் என்ன செய்ய முடியும், சாமி விஷயம்…

பூவம்மா: விடியக்காலையில பச்சத் தண்ணியில குளிக்கணும். நீங்க ஹீட்டர் ஒரு நாள் ரிப்பேர் ஆனதுக்கே குளிக்காம இருந்தவரு.

மாணிக்கம்: சாமி தைரியம் குடுப்பாரு.

பூவம்மா: தரையில படுக்கணும். முட்டி?

மாணிக்கம்: முட்டிக்கும் குடுப்பாரு.

பூவம்மா: சரி, போடுங்க. ஆனா நம்ம பேத்தி சிவானிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. தமிழ் வகுப்புல அவ என்ன பேசினான்னு தெரியும்ல? "என் தாத்தா சிறந்த மீனவர். அவர் தூண்டில் போட்டால் மீன் வராமல் இருக்காது." டீச்சர் கைதட்டச் சொன்னாங்களாம். அவளுக்கு இப்பவே போன் போட்டுத் தரேன்…

மாணிக்கம்: இரு, இரு! போன வை.

பூவம்மா: ஏன்?

மாணிக்கம்: அவளுக்கு என்னன்னு சொல்லுவேன்… பூவு, நான் ஒரு மீன்கூட புடிச்சதில்ல.

பூவம்மா: இந்த மாசமா?

மாணிக்கம்: எந்த மாசமும். ஆறு வருஷமா. ஞாயித்துக்கிழமையானா உட்லண்ட்ஸ் ஜெட்டியில, அந்தப் படகுத்துறையில போய் உட்காருவேன். பக்கத்துல இருக்கிற எல்லாருக்கும் மாட்டும். எனக்கு ஒரு தடவ பிளாஸ்டிக் பை மாட்டுச்சு. அப்புறம் ரயில் ஏறி லிட்டில் இந்தியாவுல இறங்கி, தேக்கா மார்க்கெட்ல நெய்னா முகம்மது கடையில வாங்கிட்டு வருவேன்… நீ ஏன் ஆச்சரியப்படல?

பூவம்மா: நாலு வருஷத்துக்கு முன்னாடி நண்டு புடிச்சேன்னு கொண்டு வந்தீங்களே.

மாணிக்கம்: ஆமா…

பூவம்மா: கால்ல கயிறு கட்டியிருந்துச்சு. நண்டு தானே கட்டிக்கிட்டு வந்துச்சா?

மாணிக்கம்: ஜெட்டியில ஒரு சீன அங்கிள் கட்டிக் குடுத்தாருன்னு சொன்னேன்ல?

பூவம்மா: சொன்னீங்க. அதே அங்கிள்தான் கொடுவாவுக்குச் செதிள் எடுத்து, வயித்தக் கீறி, குழம்புக்குத் தனியா வறுவலுக்குத் தனியா துண்டு போட்டுக் குடுத்தாரு. நல்ல அங்கிள்.

மாணிக்கம்: அப்போ… உனக்குத் தெரியுமா?

பூவம்மா: முதல் வாரமே தெரியும். மீன் பையில நெய்னா கடைப் பேரு இருந்துச்சு.

மாணிக்கம்: அடிப்பாவி! ஆறு வருஷம்! ஒவ்வொரு வாரமும் எப்படிப் புடிச்சீங்கன்னு கத கேட்டியே! நானும் கையெல்லாம் ஆட்டி…

பூவம்மா: கத நல்லா இருந்துச்சு லா.

மாணிக்கம்: ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

பூவம்மா: எப்படிச் சொல்லுவேன்? வேலைய விட்ட புதுசுல நீங்க இருந்த இருப்பு மறந்து போச்சா? மூணு மாசம் சன்னல் பக்கத்துல நாற்காலியப் போட்டுக்கிட்டு, கீழ போற பஸ்ஸ பார்த்து, "லேட்டு… இவனும் லேட்டு…"ன்னு சொல்லிட்டே இருந்தீங்க. சாப்பிடக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டீங்க. எனக்குப் பயமா இருந்துச்சுங்க. ராத்திரி குளியலறையில போய் அழுவேன்.

மாணிக்கம்: …அது எனக்குத் தெரியாது பூவு.

பூவம்மா: அந்த முதல் மீன தூக்கிட்டு வந்த அன்னைக்குத்தான் சிரிச்சீங்க. அத நான் கெடுக்கணுமா? எந்தக் கடை மீனா இருந்தா என்ன?

மாணிக்கம்: அன்னைக்கே உண்மைய சொல்லத்தான் வந்தேன். நீ படம் புடிச்சு குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்ட. நாப்பது பேரு கும்பிட்டு, கைதட்டி… வாய் வரல.

பூவம்மா: தப்பு என் மேலயும் இருக்கு. சரி, விடுங்க.

மாணிக்கம்: எப்படி விடறது? அந்த ஏரியில நெய்னா இல்லையே! சம்பந்தி இழுத்து இழுத்துப் போடுவாரு. சிவானி என் பக்கத்துல உட்கார்ந்து நாலு நாளும் என் தூண்டிலயே பார்த்துட்டு இருப்பா… சம்பந்தி சிரிச்சா சிரிக்கட்டும். அந்தப் புள்ள முகம் வாடினா எனக்குத் தாங்காது.

பூவம்மா: அப்போ போறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

மாணிக்கம்: தாத்தா பொய் சொன்னேன்னா?

பூவம்மா: தாத்தாவுக்குத் தூண்டில் பிடிக்கும், மீன் பிடிக்க வராதுன்னு சொல்லுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து சம்பந்திகிட்ட கத்துக்குங்க. அவ எட்டு வயசு, உங்களவிட சீக்கிரம் கத்துக்குவா.

மாணிக்கம்: சிரிப்பாளே…

பூவம்மா: நல்லா சிரிப்பா. அப்புறம் உங்களவிட பெரிய மீனா புடிச்சுட்டு இன்னும் சிரிப்பா.

மாணிக்கம்: ம்… சரி. போட்டுக் குடு, பேசறேன். இன்னையோட எல்லாம் முடிஞ்சுது பூவு. மாலையும் இல்ல, பொய்யும் இல்ல. இனிமே எனக்கு என்ன மாட்டுதோ அதுதான் வீட்டுக்கு வரும். நெய்னா கடைப் பக்கமே போக மாட்டேன்.

பூவம்மா: அது மட்டும் முடியாது… இந்த வாரம் போங்க. நாளான்னைக்கு வவ்வா மீன் எடுத்து வைக்கச் சொல்லி இப்பத்தான் அவருக்குப் போன் போட்டேன். அந்த நண்டுல இருந்து வாராவாரம் வெள்ளிக்கிழமை நான்தான் சொல்றேன், உங்க தூண்டில்ல என்ன மாட்டணும்னு.