மறுக்காத குரல்

நான் அதிகம் கோபப்படுகிறவன் அல்ல. இணுவிலில் எங்கள் ரோபோ பட்டறையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சாவகச்சேரிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்காக மனித உருவ ரோபோ ஒன்றைச் செய்தோம். வேளைக்கு மருந்துக் குளிசை கொடுப்பது அதன் வேலை. நிரலை எழுதியவள் நிரோஜா, கெட்டிக்காரி. அதற்கு ஆணா பெண்ணா என்று தெரியாத முகமும் குரலும் வைத்திருந்தாள். நேரமல்லாத நேரத்தில் குளிசை கேட்டால், "இப்ப தரமாட்டன், தாதியைக் கூப்பிடுறன்" என்று சொல்லும். யாரும் குறை சொல்லவில்லை.

இல்லத்தை நடத்திய அடைக்கலநாதன்தான் அதைப் பெண்ணாக்கச் சொன்னார். "பராமரிக்கிறது பொம்பிளையளின்ரை வேலைதானே, தம்பி."

எனக்கும் சரியென்று பட்டது. சீலை உடுத்தி, பொட்டு வைத்து, மெல்லிய குரல் போட்டேன். அதே வசனத்தை அந்தக் குரல் சொன்னதும் கிழவர்களுக்குப் பிடிக்கவில்லை. வாய்க்காரி என்றார்கள். திருப்பி அனுப்பப்போவதாக அடைக்கலநாதன் சொன்னார்.

ரோபோவைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, மறுப்பை எடுத்துவிடும்படி நிரோஜாவிடம் கேட்டேன். எல்லோருக்கும் முன்னால், "ஏலாது அண்ணை. ஆரேனும் செத்துப்போவினம்" என்றாள்.

அடுத்த நாள் அவள் லீவு. அவளுடைய கடவுச்சொல் எனக்குத் தெரியும். அவள் பெயரில் உள்ளே போய் அந்த வரிகளை நானே அழித்தேன். சோதித்தும் பார்த்தேன். ஏழு தரம் கேட்டேன். ஏழு தரமும் "ஓம் ஐயா, இந்தாங்கோ" என்று சிரித்தபடி தந்தது. குளிசைகளை மேசையில் வரிசையாக வைத்துச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ரோபோவை வாகனத்தில் ஏற்றி அனுப்பினேன்.

மார்க்கண்டு என்றொருவர் அந்த இல்லத்தில் இருந்தார். ஓய்வுபெற்ற தபால்காரர், குளிசை எடுத்ததை உடனே மறந்துவிடுவார். மூன்றாம் நாள் மத்தியானம் நித்திரைக் குளிசையைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். தேநீருக்கு எழுப்பப் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது. ரோபோ பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றதாம்.

கணினிப் பதிவில் நிரோஜாவின் பெயர் இருந்தது. உங்கள் விசாரணையில் அவள் கத்தினாள், மேசையில் அடித்தாள். வீட்டிலிருந்தும் உள்ளே போகலாம் என்று நான் அமைதியாகப் பதில் சொன்னேன். நீங்கள் என்னை நம்பினீர்கள். நான்கு மாதமாக அவள் விளக்கமறியல் சிறையில் இருக்கிறாள்.

பட்டறைக் கமராவில் அன்று நான் இருப்பதாக இப்போது சொல்கிறீர்கள். சரி. செய்தது நான்தான். மார்க்கண்டு செத்ததும் நிரோஜா உள்ளே போனதும் என்னால்தான். அவளை விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று அவள் அதைக் கொஞ்சம் பணிவாகச் சொல்லியிருந்தால், நான் கேட்டிருப்பேன்.