கை நனைத்த வீடு

வண்டியை நிறுத்துவதற்கு முன் இடத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கிறவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும். நேற்று வந்த பெண்ணும் கேட்டாள். வாடகை வேனைத் தெருவிலேயே ஓரங்கட்டிவிட்டு நடந்து வந்து, வாசலில் செருப்பைக் கழற்றி வைத்து, உங்கள் தோப்பில் ஒரு நாள் நிறுத்திக்கொள்ளலாமா என்றாள். 1975இல் அவளுடைய அப்பாவும் இதே மாதிரிதான் கேட்டார். அவள் வந்ததால்தான் இன்று நான் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன், இன்ஸ்பெக்டர் ஐயா. யாரும் என்னை இழுத்து வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் பூமிநாதன். வயது எழுபத்திரண்டு. ஊர் நயினார்கோவில் பக்கம். அந்தக் காலத்தில் எங்கள் கண்மாய்க்கு நான்தான் தலைவர். நீங்கள் கோயம்புத்தூர்க்காரர் என்றார்கள், அதனால் விளக்கிச் சொல்கிறேன். கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் போகிற வழிக்குக் கலுங்கு என்று பெயர். அதில் பலகை போட்டுக் களிமண் அப்பித் தண்ணீரைத் தேக்கியிருப்போம். பலகையைத் தூக்கினால் கீழே இருக்கிற ஓடையில் தண்ணீர் ஆள் உயரத்துக்கு ஓடும். தூக்குவதற்கு முன் கண்மாய்க் காவலாள் தவசி ஓடைக்கரை நெடுகத் தமுக்கு அடித்துப் போவான். ஆடு மாடு மேய்க்கிறவர்கள் ஏறிக்கொள்வார்கள். எப்போது தூக்குவது என்பது என் வார்த்தை.

வில்லெமும் அன்னெக்கேயும் ஹாலந்துக்காரர்கள். படுக்கையும் அடுப்பும் வைத்த வேனில் தரை வழியாகவே வந்தார்கள். வில்லெமுக்குப் பறவைப் பைத்தியம். வாலிநோக்கம் உப்பளத்துப் பூநாரைக்காகத்தான் இந்தப் பக்கம் வந்தார். தங்கியது என் தோப்பில். மூன்று வருஷம், ஐப்பசி பிறந்தால் வந்துவிடுவார்கள். என் மனைவி சேதுலட்சுமி அன்னெக்கேவைப் 'புள்ள' என்றுதான் கூப்பிடுவாள். ஊரில் விட்டு வந்த குழந்தையின் படத்தை அன்னெக்கே காட்டியபோது, அதற்குத் திருஷ்டி கழித்தவள் அவள்.

வெளிநாட்டில் போய் வண்டியை நிறுத்திக் குடியிருப்பது சும்மா இல்லை. நான் பி.யூ.சி. படித்தவன். அவர்கள் நோட்டில் பதினொரு விதிகளை இங்கிலீஷில் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். கேட்காமல் நிறுத்தாதே. பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றாதே. ஊருணியில் சோப்புப் போடாதே. அரைக்கால் சட்டையோடு கோயில் பக்கம் போகாதே. இப்படி. அன்னெக்கே ஒவ்வொன்றையும் கடைப்பிடித்த அன்று, பக்கத்தில் பென்சிலால் தேதி போட்டு டிக் அடிப்பாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நாகநாதன் என் சித்தப்பா மகன். அய்யனார் கோயிலில் எனக்குக் கட்ட வேண்டிய பரிவட்டத்தை அவன் தலையில் கட்டிக்கொண்டான். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அவன் வீட்டு வாசலை நாங்கள் மிதிப்பதில்லை. அவன் வீட்டில் எங்கள் ஆட்கள் யாரும் கை நனைப்பதில்லை. தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பதினொரு வருஷம் அப்படி இருந்தோம். ஊரே மதித்தது.

77 நவம்பரில் அவன் மகள் முத்தழகுக்குத் தலைப்பிரசவம். மூன்று நாள் மழையில் ரோடு அறுந்துவிட்டது. ராமநாதபுரம் கொண்டுபோக வழியில்லை. அன்னெக்கே அவள் நாட்டில் நர்ஸாக இருந்தவள் என்று யாரோ சொல்லிக் கூட்டிப் போய்விட்டார்கள். இரண்டு ராத்திரி கூடவே இருந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதற்கு நான் எதுவும் சொல்லவில்லை. உயிர் பெரிது.

மறுநாள் காலை டீக்கடையில் நாகநாதன் என் காதில் விழவேண்டும் என்றே பேசினான்.

"அண்ணன் வீட்டு விருந்தாளி நம்ம வீட்டுல கை நனைச்சிருச்சு. இனிமே அங்கன இங்கனனு என்னலே இருக்கு?"

சமாதானத்துக்கு அடி போட்டான் என்று பிறகு சிலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் கடையில் இருந்த அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மூன்று வருஷம் என் வீட்டு இலையில் சாப்பிட்ட கை அது. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று சொல்வார்களே, அதை நான் அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

சேதுலட்சுமியிடம் சொன்னேன். அவளுக்கு அது உறைக்கவில்லை.

"ரெண்டு நாளு கண்ணு முழிச்ச புள்ளங்க. பசிச்சிருக்கும், கஞ்சி குடுத்தாக, குடிச்சிருச்சு. அதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குறீகளே."

எனக்குச் சத்தம் போட்டுப் பழக்கம் இல்லை.

அன்று சாயங்காலம் வில்லெம் வந்தார். தோப்பு சேறாகிவிட்டது, சக்கரம் புதைகிறது, வேறு எங்கே நிறுத்தலாம் என்று கேட்டார். வழக்கம்போலக் கேட்டார். ஓடைக்குள் நிறுத்துங்கள், மழைத் தண்ணீர் வடிந்துவிட்டது, அடியில் மணல், சக்கரம் இறங்காது, இரண்டு பக்கமும் கரை இருப்பதால் காற்றும் அடிக்காது என்றேன். இதில் ஒன்றும் பொய் இல்லை. தண்ணீர் வராதா என்று கேட்டார். நான் பலகையைத் தூக்கினால்தான் வரும் என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

விடிந்ததும் வில்லெம் பைனாகுலரோடு கண்மாயின் வடகரைக்குப் போய்விடுவார். அது எனக்குத் தெரியும். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் அந்த வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு ராத்திரி விழித்தவள் அன்று கொஞ்சம் அதிகமாகத் தூங்குவாள் என்பதும் தெரியும். அவர் கரையில் ஏறும்வரை காத்திருந்தேன். தவசிக்குச் சொல்லி அனுப்பவில்லை. களிமண்ணை நானே கிளறினேன், மூன்று பலகைகளையும் நானே தூக்கினேன். கண்மாய் அன்று நிறைசூலி. வேன் ஒரு தடவை புரண்டதைப் பார்த்தேன். கதவு கீழ்ப்பக்கம் போய்விட்டது.

பிறகு குதித்ததும் நான்தான். அவளை வெளியே இழுத்துக் கரையில் போட்டதும் நான்தான். அதை ஊரே பார்த்தது. மழையில் பலகை பிடுங்கிக்கொண்டது என்றேன், அப்படியே எழுதிக்கொண்டார்கள். தவசி மட்டும், "தானாப் பிடுங்குன பலகை கரையில அடுக்கியா கெடக்கும், அய்யா?" என்று என்னிடம் தனியாகக் கேட்டான். அப்புறம் அவன் கேட்கவில்லை. என் நகத்திலிருந்த களிமண்ணைச் சேதுலட்சுமி பார்த்தாள். சாகும்வரை பரிமாறினாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

வில்லெம் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார். எல்லாம் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் அவர் இறந்துவிட்டாராம். நேற்று வந்தவள் அந்தப் படத்துக் குழந்தை. பெயர் மரீக்கா. அம்மாவின் நோட்டைக் கொண்டு வந்திருந்தாள். என் அம்மா எல்லா விதிகளையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தாளா என்று கேட்டாள். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை.

கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். என் கையெழுத்துதான். பதினோராவது விதி: யார் வீட்டில் எது கொடுத்தாலும் மறுக்கக் கூடாது, ஒரு வாயாவது சாப்பிட வேண்டும். பக்கத்தில் பென்சிலில் ஒரு டிக், ஒரு தேதி. கீழே இங்கிலீஷ் எழுத்தில் 'நாகநாதன் வீடு, கஞ்சி' என்று எழுதியிருந்தாள்.

ஒழுங்காகக் கடைப்பிடித்தாள் என்று மரீக்காவிடம் சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. இரவெல்லாம் எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால்தான் வந்தேன். அன்னெக்கேவைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நாகநாதன் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை, நிஜம்தான். மூன்று வருஷம் என் வீட்டில் சாப்பிட்டவளுக்கு அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா, ஐயா?