ஒரு நேயர் எழுதியிருக்கிறார்

இல்ல தம்பி, நீங்க சொன்னது காதுல நல்லாவே விழுந்துச்சு. இந்த வயசுல எனக்குக் கெடாம இருக்கிறது காது ஒண்ணுதான். இன்னொரு தடவ சொல்லுங்கன்னு கேட்டது, ரெண்டாவது தடவ வேற மாதிரி வருமோன்னு ஒரு நப்பாசைல. வரல. செப்டம்பர்லேருந்து உங்க பல்கலைக்கழக ரேடியோவுல உள்ளூர்க்காரங்க யாரும் பேச மாட்டாங்க, எல்லாம் தலைநகர்லேருந்து வரும். அதானே? நிலையத்த மூடலங்கறீங்க. சரி. ஆளு போயாச்சு, ஆஸ்பத்திரிக் குழாய் வழியா காத்து மட்டும் போயிட்டிருக்கு.

காப்பி குடிங்க. தண்ணியாத்தான் இருக்கும், இந்த டகோட்டாவுல யாரும் கெட்டியாப் போட மாட்டோம். நான் சுட்ட பையும் ஒரு துண்டு சாப்பிடுங்க. மாவுக்குள்ள ருபார்ப்பும் சர்க்கரையும் வெச்சுச் சுட்ட பை. பின்னாடி தோட்டத்துல வெளஞ்ச தண்டு. பழம் மாதிரி இருக்கா? பழம் இல்ல தம்பி, காய்கறி. ஆனா அந்தக் காலத்துல ஒரு சுங்கக் கோர்ட்டு இத பழம்னு தீர்ப்பு சொல்லிருச்சு. பழம்னா வரி கம்மி. போன வருஷம் நம்ம மாரிட் லின்ட், அதான் மத்தியான வானிலை வாசிக்கிறவங்க, ருபார்ப் பழம்னு சொல்லிட்டாங்க. உடனே ஒரு கார்டு எழுதிப் போட்டேன். கார்டு கெடச்சதும் ரேடியோவுல சொன்னாங்க: ஒரு நேயர் எழுதியிருக்கார், ருபார்ப் காய்கறியாம். சொல்லிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாங்க. அந்த நிறுத்தல் எனக்காகன்னு வெச்சுக்கிட்டேன்.

ஆமா, பழக்கம்தான். பல வருஷப் பழக்கம். ஒரு சிம்பனிக்கு எத்தன பாகம், ஆந்தை எந்த மாசம் முட்டையிடும், நம்ம ஆறு எந்தப் பக்கம் ஓடுது, தப்பாச் சொன்னா என்னால சும்மா இருக்க முடியாது. நான் உங்க பல்கலைக்கழக நூலகத்துல புத்தகங்களுக்கு அட்டவணை போட்டவ. தப்பான அலமாரில இருக்கிற புத்தகம் தொலஞ்ச புத்தகம், அவ்வளவுதான். ஒவ்வொரு கார்டுலயும் அடில முழுப் பேர் எழுதுவேன், ஆர்டிஸ் டோலஃப்சன்னு. மொட்டக் கடுதாசி எழுதற வழக்கம் எங்கிட்ட இல்ல. ஆனா ஒரு தடவ கூட அவங்க அந்தப் பேரச் சொன்னதில்ல. நான் எப்பவும் ஒரு நேயர்.

வருஷத்துக்கு ரெண்டு தடவ ரேடியோவுல நேயர்கள்கிட்ட பணம் கேட்டுக் கெஞ்சுவாங்களே, அந்த வாரத்துல குடுத்துப் பாத்தேன். எல்லார் பேரையும் வாசிச்சாங்க. பல் டாக்டர் பேரு, பக்கத்து வீட்டு ஹாரியட் பேரு, ஹாரியட்டோட நாய் பேரு கூட. அப்புறம், இன்னும் ஒரு நேயர். பணம் குடுத்தவங்களுக்கு அனுப்பற துணிப்பை மட்டும் தவறாம வந்துச்சு. இந்த வீட்டுல அலமாரி தொறந்தா ரேடியோ பைதான் மேல விழும். போகும்போது ஒண்ணு எடுத்துட்டுப் போங்க.

சிரிங்க, பரவாயில்ல. நானும் சிரிச்சவதான். அப்புறம்தான் சட்டத்தப் படிச்சேன். சின்னத் தொகைக்கு எப்படி வேணா சொல்லிக்கலாம். ஆனா ஒரு நிகழ்ச்சியே ஒருத்தர் பணத்துல நடந்தா, யார் பணம்னு நேயர்களுக்குச் சொல்லியே ஆகணும். அது அரசாங்க விதி. அறிவிப்பாளர் இஷ்டம் இல்ல. அதனாலதான் உயில்ல அப்படி எழுதினேன். என் சொத்துல பாதி நூலகத்துக்கு, பாதி ரேடியோவோட மத்தியான வானிலைக்கு. இந்த வானிலை அறிக்கை ஆர்டிஸ் டோலஃப்சன் விட்டுச்சென்ற நிதியில், அப்படின்னு அத வாசிக்கிற உள்ளூர் அறிவிப்பாளரே தன் வாயால சொல்லணும். அந்த 'தன் வாயால' என்னத்துக்குன்னு என் வக்கீல் கேட்டார். நான் சொல்றத எழுதுங்கன்னேன்.

இல்ல, இப்பவே குடுக்க முடியாது. எங்கிட்ட இருக்கிறது சர்க்கரை பீட்ரூட் வெளையற நிலம். நான் இருக்கிற வரைக்கும் அத விக்கக் கூடாதுன்னு என் வீட்டுக்காரர் ஓரின் உயில்ல எழுதிக் கட்டிப்போட்டுட்டுப் போயிட்டார். எனக்கப்புறம் யாருக்குன்னு மட்டும்தான் நான் சொல்லலாம். நான் யார்கிட்டயாவது ஏமாந்துடுவேன்னு அவருக்குப் பயம். பாவம், நல்ல மனுஷன். செப்டம்பருக்குள்ள செத்துடலாம்னு பாத்தா, நேத்து டாக்டர் ரத்த அழுத்தம் பாத்துட்டுக் கைய குடுத்து வாழ்த்தறார். அப்படியே இன்னிக்கு ராத்திரி போய்ச் சேந்தாலும் கோர்ட்டு வேலையெல்லாம் முடிய ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். விசாரிச்சாச்சு தம்பி. நான் விசாரிக்காம இருப்பேனா?

மெஷின் வாசிக்குமா? என் பேரையா? உங்க போன்லயே இருக்கா? போடுங்க கேப்போம்.

ம். சுத்தமாச் சொல்லுது. ஒரு குறையும் இல்ல. அணைச்சுடுங்க.

ஓரின் அடக்கம் ஞாபகம் வருது. சர்ச்சு நெறஞ்ச கூட்டம். ஒருத்தி எழுந்து அவரப் பத்திப் பேசிட்டிருந்தா. அழகாத்தான் பேசினா. நடுவுல, பெரிய வெள்ளம் வந்த வருஷம் புது டிராக்டர் வாங்கினார்னுட்டா. வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் தம்பி. வயல்ல படகு ஓடறப்ப யாராவது டிராக்டர் வாங்குவாங்களா? இருந்த எடத்துலேருந்தே சொன்னேன். கொஞ்சம் சத்தமாத்தான். அவ பேப்பர மடிச்சா, எறங்கினா, நடு வழியா நடந்து வெளிய போனா. போனவதான், அப்புறம் இந்த வீட்டு வாசப்படி மிதிக்கல. கீழ்க் கூடத்துல எல்லாருக்கும் ஹாம் சாண்ட்விச் குடுத்தாங்க. டிராக்டர் ரசீது இன்னும் எங்கிட்ட இருக்கு, நான் சொன்னதுதான் சரி. என்ன புண்ணியம்?

எங்க விட்டேன்? ஆங், உள்ளூர் அறிவிப்பாளர். மாரிட்கிட்ட சொல்லிட்டீங்களா? எப்படி எடுத்துக்கிட்டாங்க? பரவாயில்லன்னுட்டாங்களா? ஒரேகான் மாநிலத்துக்கே குடிபோறாங்களா? வீடே பாத்தாச்சா?

ஒரேகான். அங்க மழ ஜாஸ்தி. வானிலை வாசிக்கிறவங்களுக்கு அங்க என்ன வேல, தினமும் ஒரே வரி.

இல்ல, ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் காப்பி ஊத்தறேன், இருங்க. நேர்ல பாத்தீங்களா அவங்கள? முடி நரைச்சிருச்சா? கண்ணாடி போட்டிருக்காளா? சும்மாத்தான் கேட்டேன். ரேடியோவுல கண்ணாடி தெரியாதே. போன ஜனவரி பூரா இருமிட்டே வாசிச்சா. இஞ்சித் தண்ணி குடிக்கச் சொல்லி ஒரு கார்டு எழுதினேன். தபால்ல போடல. அதுல திருத்தம் ஒண்ணும் இல்லையே, என்னன்னு அனுப்பறது?

சரி தம்பி, நீங்களும் உங்க நன்கொடை ஆபீசுக்கு ஏதாவது கொண்டுபோய்க் காட்டணும். ரேடியோவோட பாதி இப்ப எங்க போகணும்? கால்பந்து மைதானமா? ஜனங்க உக்கார்ற படிவரிசை புதுசா ஒரு பக்கம் கட்டறீங்களா? போகட்டும். நான் ஒரு ஆட்டம் கூடப் பாத்ததில்ல, அதனால என்ன. வெண்கலத் தகடா, பேரோடயா? ஏறிப் போறவங்க படிச்சுக்கட்டும். இல்ல, மிதிச்சுட்டுப் போகட்டும். வக்கீல்கிட்ட நானே பேசறேன். இப்போதைக்கு உங்க பேப்பர்ல எங்க கையெழுத்துப் போடணும், காட்டுங்க.

ஒரு நிமிஷம். பேனா அப்படியே இருக்கட்டும். மணி பன்னெண்டு ஆச்சு. என் பொண்ணு வர்ற நேரம்.

வாசலப் பாக்காதீங்க தம்பி, லின்ட்ங்கறது அவ புருஷன் வீட்டுப் பேரு. ரேடியோ ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. அந்தக் குமிழ கொஞ்சம் திருப்புங்க, எனக்கு எட்டாது. இன்னும் கொஞ்சம். போதும். பேசாதீங்க.

காத்து மேற்குலேருந்துன்னு சொல்றா. ஜன்னல் வழியா பாருங்க, ஹாரியட் வீட்டுக் கொடி எந்தப் பக்கம் பறக்குது? தெக்குப் பக்கம். அப்ப காத்து வடக்குலேருந்துதானே வருது?

அந்த டிராயர்ல கார்டு இருக்கும். ஒண்ணு எடுத்துக் குடுங்க.